எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: சுங்கை சிப்புட்டில் வாழும் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அணுகுண்டைப் பற்றித்தான். சேமநிதிப் பணம், தோட்ட வீட்டு நிலம் என்று எழுதிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த இதழில் உங்களுக்குத்தான் முதலிடம்.

கேள்வி: ஐயா, 2015இல் ஈரானோடு போட்ட அணு ஒப்பந்தம் சுத்த ஏமாற்று வேலை என்று என் சூப்பர்வைசர் சொல்கிறார். நம்ப முடியாதவனோடு ஒப்பந்தம் போட்டு என்ன பயன்? – தொழிற்சாலை ஊழியர், கூலிம்

பதில்: தம்பி, நம்பக்கூடியவனிடம் ஒப்பந்தம் எதற்கு? என் சொந்தத் தம்பிக்கு நூறு வெள்ளி கொடுத்தால் நான் எழுதி வாங்குவதில்லை.

1971இல் ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, கணக்கு எழுதுகிறவனாகச் சேர்ந்தேன். முதல் வேலை, ரப்பர்ப் பால் ஸ்டோரில் எடை எழுதுவது. பதினொரு மணிக்கு மேல் மரம் வெட்டுகிறவர்கள் தோள்கட்டையில் தொங்கும் காண்டா வாளியோடு வரிசையில் வந்து நிற்பார்கள். வாளியில் இருப்பதில் நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்துதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். சம்பளமோ காய்ந்த ரப்பர் கணக்குக்கு. அதனால் எடை மட்டும் போதாது. மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலில் விட்டு, எந்தக் கோடு வரை அமிழ்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். கிராணி கோட்டைக் குறைத்து எழுதுகிறான் என்று வெட்டுகிறவர்களுக்குச் சந்தேகம். வாளியில் ஆற்றுத் தண்ணீரை ஊற்றுகிறார்கள் என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம். இரண்டுமே பொய்யில்லை. தண்ணீர் ஊற்றியவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். குறைத்து எழுதச் சொன்ன மேலாளிடமும் வேலை செய்திருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் சண்டை முற்றி, மூன்று நாள் யாரும் மரத்தில் கத்தி வைக்கவில்லை. சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மன்னிப்புக் கேட்கச் சொல்வார், மாலை மரியாதை நடக்கும் என்றெல்லாம் நினைத்தேன். அவர் கேட்டது வேறு. மிதவையைப் படிக்கும்போது வெட்டுகிறவரும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். சந்தேகம் வந்த வாளியிலிருந்து ஒரு கிண்ணம் பால் எடுத்து உறைய வைத்து, உருட்டி, காய வைத்து, அதை இரண்டு தரப்பும் சேர்ந்து நிறுக்கட்டும். குற்றம் கண்டால் அன்றைக்கே வேலையை நிறுத்தாமல் ஏழு நாள் பேசட்டும். அவ்வளவுதான். யாருக்கும் யாரையும் பிடித்துப்போய்க் கையெழுத்து விழவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஊற்றத்தான் பார்த்தார்கள், ஆனால் மாட்டிக்கொண்டார்கள். நான் அங்கிருந்த வரைக்கும் எடைக்காக வேலைநிறுத்தம் வரவில்லை.

14 ஜூலை 2015 அன்று வியன்னாவில் முடிவான ஒப்பந்தத்தை அந்த ஸ்டோரில் நின்ற கண்ணோடுதான் படித்தேன். ஒரு பக்கம் ஈரான். மறுபக்கம் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, சீனா.

யுரேனியத்தைச் செறிவூட்டுவது என்றால் ஏதோ மாயவித்தை என்று நினைக்காதீர்கள். பாலைச் செறிவாக்கும் தொழிற்சாலையில் சென்ட்ரிஃபியூஜ் இருக்குமே, அதே தத்துவம்தான். வேகமாகச் சுற்றும்போது கனமான நீர்ப்பகுதி வெளிப்பக்கம் ஒதுங்கும், லேசான ரப்பர் நடுவில் சேரும். முப்பது சதவீதப் பால் அறுபது சதவீதமாகி வெளியே வரும். யுரேனியத்தையும் வாயுவாக்கி இப்படித்தான் சுற்றுகிறார்கள், ஒரு இயந்திரத்தில் இல்லை, ஆயிரக்கணக்கில். மண்ணிலிருந்து எடுக்கும்போது அதில் வேண்டிய வகை, அதாவது யுரேனியம்-235, 0.7 சதவீதம்தான் இருக்கும். மின்சார உலைக்கு 3 முதல் 5 சதவீதம் போதும். குண்டுக்கு 90 பக்கம் வேண்டும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் சில சதவீதம் ஏற்றுவதுதான் பெரும்பாடு. அறுபதைத் தொட்டுவிட்டவனுக்குத் தொண்ணூறு கூப்பிடு தூரம்.

ஒப்பந்தப்படி 15 ஆண்டுக்கு 3.67 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கையிருப்பு 300 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஏறத்தாழ 19,000 சுழல் இயந்திரங்களில் 6,000 சொச்சம் மட்டும் இருக்கலாம். அராக் உலையின் மையப் பாத்திரத்தில் கான்கிரீட் ஊற்றி மூட வேண்டும். அனைத்துலக அணுசக்தி முகமையின் ஆட்களும் கேமராக்களும் உள்ளே இருக்கும். பதிலுக்குப் பொருளாதாரத் தடைகள் விலகும். குண்டு ஒன்றுக்கு வேண்டிய சரக்கைச் சேர்க்க இரண்டு மூன்று மாதம் போதும் என்றிருந்தது ஒரு வருஷமாக நீண்டது என்று அமெரிக்காவே கணக்குச் சொன்னது.

உங்கள் சூப்பர்வைசர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏவுகணைகளை அந்த ஒப்பந்தம் தொடவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளில் முக்கியமான கட்டுப்பாடுகள் காலாவதியாகிவிடும். தடை நீங்கி வருகிற பணம் லெபனானிலும் சிரியாவிலும் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போகும் என்று இஸ்ரேலும் வளைகுடா அரபு நாடுகளும் பயந்தன. ஏவுகணை வந்து விழும் தூரத்தில் குடியிருக்கிறவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை இங்கே தே தாரிக் குடித்துக்கொண்டு நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, இப்போது எடைச் சீட்டைப் பாருங்கள். 8 மே 2018 அன்று அமெரிக்கா விலகியது. அதுவரைக்கும் ஈரான் முக்கிய வரம்புகளுக்குள்தான் இருக்கிறது என்று முகமை திரும்பத் திரும்ப அறிக்கை கொடுத்திருந்தது. 2019 நடுவில் ஈரான் மீறத் தொடங்கியது. 2021 ஏப்ரலில் 60 சதவீதத்தைத் தொட்டது. 2025 ஜூனில் அந்த 60 சதவீதச் சரக்கு மட்டும் சுமார் 440 கிலோ. அதே மாதம் இஸ்ரேலும், பின்னால் அமெரிக்காவும் குண்டு போட்டன. நத்தான்ஸ், ஃபோர்டோ, இஸ்ஃபஹான் என்ற மூன்று அணு நிலையங்களும் அடி வாங்கின. கட்டடங்கள் உடைந்தன. ஆய்வாளர்கள் உள்ளே போகிற வழியும் அதோடு அடைபட்டது. 440 கிலோ எங்கே இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று நேரில் பார்த்து நிறுத்துச் சொல்ல ஆளில்லாமல் போனது. எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தச் செய்திதான். தண்ணீர் ஊற்றுகிறான் என்று தெரிந்தால் கிண்ணத்தில் பால் எடுக்கலாம். ஸ்டோரையே கொளுத்திவிட்டால் எதை எடுப்பது?

கேள்வி: என் அக்காவைக் கல்பாக்கம் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வீட்டிலிருந்து பார்த்தால் அணுமின் நிலையம் தெரியும். இந்தியா, பாகிஸ்தான் சண்டை என்று செய்தி வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அவர்களுக்குள் அணு ஒப்பந்தம் ஏதும் கிடையாதா? – தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தெலுக் இந்தான்

பதில்: இருக்கிறது அம்மா. பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் பெரிதாகப் பேசுவதில்லை. 31 டிசம்பர் 1988 அன்று இஸ்லாமாபாத்தில், ராஜீவ் காந்தியும் பெனசிர் பூட்டோவும் பிரதமர்களாக இருந்தபோது கையெழுத்தானது. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது, தாக்குகிறவருக்கு உதவவும் கூடாது. 27 ஜனவரி 1991இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் அக்கா வீட்டிலிருந்து தெரிகிற அந்தக் கட்டடம் போன்றவற்றுக்காகவே எழுதியது.

அதில் ஓர் ஏற்பாடு உண்டு. ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி, புது டில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நாளில், இரண்டு அரசுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைத் தூதரகம் வழியாக மாற்றிக்கொள்கின்றன. ஊர் பெயர் மட்டும் இல்லை, அட்சரேகை, தீர்க்கரேகையோடு. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பரம விரோதியின் கையில், என் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். பட்டியலில் என்ன இருக்கிறது என்று வெளியே யாருக்கும் காட்டுவதில்லை.

முதல் பட்டியல் 1 ஜனவரி 1992இல் கைமாறியது. 2001 டிசம்பரில் டில்லி நாடாளுமன்றத்தில் தாக்குதல் நடந்தது, இரண்டு ராணுவமும் எல்லையில் முகத்துக்கு முகம் நின்றன. இரண்டு வாரத்தில் ஜனவரி முதல் தேதி வந்தது, பட்டியல் போய்ச் சேர்ந்தது. 2008 நவம்பரில் மும்பை பற்றி எரிந்தது. அடுத்த ஜனவரியும் போனது. 2025 ஏப்ரலில் விசாவை நிறுத்தினார்கள், எல்லையை மூடினார்கள், சிந்து நதி ஒப்பந்தத்தையே இந்தியா நிறுத்தி வைத்தது, மே மாதம் நான்கு நாள் ஏவுகணையும் டிரோனும் பறந்தன. 2026 ஜனவரி முதல் தேதி? பட்டியல் போனது. தொடர்ந்து 35ஆவது முறை.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள். 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பேருந்தில் லாகூருக்குப் போனார். கட்டிப்பிடித்தார்கள், கவிதை சொன்னார்கள், லாகூர் பிரகடனம் வெளியானது. நானும் அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்தேன். மே மாதம் கார்கில் சண்டை. அந்தப் பிரகடனத்தில் நல்ல வார்த்தைகள் நிறைய இருந்தன, அதற்காக வருத்தப்படவும் செய்தேன். ஆனால் உயிரோடு இருப்பது எது? ஒரு உறையில் போட்டுக் கொடுக்கிற பட்டியல்.

உங்கள் அக்கா நிம்மதியாகத் தூங்கலாமா என்றால், முழுசாக அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த ஒப்பந்தம் ஒரு குண்டைக்கூடக் குறைக்கவில்லை. 2025 தொடக்கத்தில் இந்தியாவிடம் 180, பாகிஸ்தானிடம் 170 இருந்திருக்கலாம் என்பது ஸ்டாக்ஹோம் சிப்ரி ஆய்வு நிலையத்தின் மதிப்பீடு. அணு உலையைத் தொட மாட்டேன் என்று எழுதியிருக்கிறார்களே தவிர, ஊரைத் தொட மாட்டேன் என்று எழுதவில்லை. பட்டியலில் எதையாவது மறைத்தால் போய்ப் பார்க்கவும் வழி இல்லை. முகமை ஆட்கள் எல்லா இடத்துக்கும் போக முடியாது. இவ்வளவு ஓட்டை இருந்தும் நான் அதைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஏனென்றால் அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அடுத்தவையும் வந்தன. 2005இல், பாலிஸ்டிக் ஏவுகணையைச் சோதிக்கும் முன் மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றொன்று. 2007இல், அணு விபத்து ஆபத்துகளைக் குறைக்க இன்னொன்று. சோதனைக்குப் பறக்கிற ஏவுகணையைத் தாக்குதல் என்று நினைத்து எதிரே ஒருவன் பித்தானைத் தொடாமல் இருப்பது சின்ன விஷயமா?

கேள்வி: குண்டைக் கொடுத்த யுக்ரேன் அடி வாங்குகிறது. அணுத் திட்டத்தைக் கைவிட்ட லிபியாவின் கடாஃபி செத்தார். குண்டை வைத்திருக்கும் வட கொரியாவை யாரும் தொடவில்லை. இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? – வாசகர், கிள்ளான்

பதில்: ஐயா, இந்தக் கேள்வி என்னையும் ரொம்ப நாளாகக் குடைகிறது. உங்களை மடக்கும் பதில் என்னிடம் இல்லை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

யுக்ரேன் 5 டிசம்பர் 1994இல் புடாபெஸ்டில் வாங்கியது ஒரு வாக்குறுதிக் காகிதம். அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றும் கையெழுத்துப் போட்டு, உன் எல்லையை மதிப்போம் என்றன. அங்கே கிடந்த பெரிய ரகக் குண்டுகள் சுமார் 1,900, ஆனால் அவற்றை ஏவும் அதிகாரம் மாஸ்கோவின் கையில் இருந்தது. குண்டு போனதை எண்ணிப் பார்க்க ஏற்பாடு இருந்தது. வாக்கு மீறினால் என்ன தண்டனை என்பதற்கு ஏற்பாடு இல்லை. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்திடம் போகலாம் என்று எழுதினார்கள், அங்கே ரஷ்யாவுக்கு வீட்டோ. எடை குறைத்தவனிடமே போய் எடை குறைந்தது என்று புகார் கொடுக்கிற கதை. 2014இல் கிரிமியா போனது, 2022இல் முழுப் போர். இதைப் பார்த்த எந்த நாடும் இனி வெறும் வாக்குறுதிக்கு ஆயுதத்தைக் கொடுக்காது. அந்த நஷ்டம் யுக்ரேனுக்கு மட்டுமில்லை.

லிபியா கதை நம் வாசல் வரை வந்தது, மறந்துவிட்டீர்களா? 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன ஒரு கப்பலில் சுழல் இயந்திர பாகங்கள் பிடிபட்டன. செய்த இடம் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலை. பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ. க்யூ. கான் நடத்திய கள்ளச் சந்தைக்குப் போன சரக்கு. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கு என்று நினைத்துத்தான் செய்து கொடுத்ததாகச் சொன்னார்கள். நம் பிள்ளைகள் ஷிஃப்டுக்குப் போகிற தொழிற்பேட்டைகளில் அப்படி ஒரு உலோகக் குழாய் ஆர்டராக வந்தால் யாருக்கு என்ன தெரியும்?

வட கொரியாவைப் பற்றி நீங்கள் சொன்னதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. அங்கேயும் ஒப்பந்தம் இருந்தது. 21 அக்டோபர் 1994, ஜெனீவா. யோங்பியோன் உலையை நிறுத்தினால் இரண்டு மின்சார உலைகள் கட்டித் தருவோம், ஆண்டுக்கு 500,000 டன் எண்ணெய் தருவோம் என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டது. அடாவடிக்காரனுக்கு லஞ்சம் என்று வாஷிங்டனிலேயே திட்டினார்கள். எண்ணெய் தாமதமாகப் போனது, உலைகளைக் கட்டி முடிக்கவே இல்லை. வட கொரியாவும் மறைவில் வேறு வழி தேடியது. 2002 கடைசியில் எல்லாம் உடைந்தது. 9 அக்டோபர் 2006இல் முதல் குண்டை வெடித்தது. ஆனால் அந்த எட்டு ஆண்டும் யோங்பியோனில் குண்டுக்கான இன்னொரு சரக்கான புளூட்டோனியம் எடுக்கவில்லை, ஆய்வாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு ஆண்டு எண்ணெய்க் காசு அதிகமா, இன்றைக்குத் தென் கொரியாவின் சியோல் நகரத்து மக்கள் தலைமேல் தொங்குவது அதிகமா? நானாக இருந்தால் எண்ணெயைக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கேள்வி: நான் படிவம் ஐந்து மாணவி. மலேசியா போன்ற சின்ன நாடு இதில் என்ன செய்ய முடியும்? – பகாவ்

பதில்: செய்திருக்கிறது மகளே. 15 டிசம்பர் 1995இல் பேங்காக்கில் தென்கிழக்காசிய நாடுகள் சேர்ந்து இந்த வட்டாரத்துக்குள் அணு ஆயுதம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டன, 1997 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வல்லரசுகள் போட வேண்டிய கையெழுத்து பல ஆண்டு இழுபறி. 1996இல் அனைத்துலக நீதிமன்றம் அணு ஆயுதம் பற்றிக் கருத்துச் சொன்ன பிறகு, அதை விடாமல் ஆண்டுதோறும் ஐ.நா.வில் தீர்மானமாகக் கொண்டுபோனது மலேசியா. அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் 2017இல் கையெழுத்திட்டு, 2020இல் உறுதி செய்தது. வரலாற்றுத் தாளில் கேட்டாலும் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொள்.

கேள்வி: தம்பி, எனக்கு எண்பத்தொன்று. தலைவர்கள் டிவியில் கைகுலுக்குவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவசரகாலத்தில் என் அண்ணனை இழந்தேன். கொன்றவர்களோடு கையெழுத்துப் போடுவது செத்தவர்களுக்குத் துரோகம் இல்லையா? – சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, நம் ஊர்க்காரர் நீங்கள். எல்ஃபில் தோட்டத்தில் 16 ஜூன் 1948 அன்று துரையைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்ட சத்தத்தில் தொடங்கியதுதான் அவசரகாலம் என்ற அந்தப் பன்னிரண்டு வருஷம். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் அம்மா பால்மரம் வெட்டினவர். காலையில் தோட்டத்துக் கம்பிக் கதவில் தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடும் என்று உள்ளே சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள். கான்ஸ்டபிள் ஒரு குச்சியை விட்டுக் கிளறுவான், தேத்தண்ணீர்தான் இருக்கும். அவர் பசியோடு மதியம் வரை வெட்டிவிட்டு வருவார். அவருடைய தம்பி, என் மாமா, 1956இல் தோட்டத்து லாரியில் போகும்போது சுடப்பட்டுச் செத்தார். வயது பத்தொன்பது.

28, 29 டிசம்பர் 1955, பாலிங். அப்போதைய முதலமைச்சர் துங்குவும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சரணடைந்தால் மன்னிப்பு என்றார் துங்கு. சரணடைதல் என்ற பேச்சே வேண்டாம் என்றார் அவர். இரண்டே நாளில் முடிந்தது. 2 டிசம்பர் 1989இல் தாய்லாந்தின் ஹாட்ஜாயில் ஒப்பந்தம் போட்டபோது கம்யூனிஸ்டுகள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள், அழித்தார்கள். சரணடைதல் என்ற சொல் அதில் இல்லை.

துரோகமா என்று கேட்கிறீர்கள். செத்தவர்களுக்காகப் பேச எனக்கு உரிமை இல்லை. அந்தக் கேள்வியை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவும் மனம் வரவில்லை. கைகுலுக்கும் படம் எனக்கும் கசக்கும். ஆனால் 1989இல் செய்தி வந்த இரவு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா ரேடியோ பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செய்தி முடிந்தது. “இவங்க முன்னாடி பாலிங்ல பேசினாங்களே, அது எந்த வருஷம்?” என்று கேட்டார். ஐம்பத்தைந்து கடைசி என்றேன். கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினார். “அப்போ உன் மாமன் இருந்தானே” என்றார். ரேடியோவை அணைத்துவிட்டு, ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.